பால் கொடுக்கும் தாய்க்கு அளவான பாடி வேண்டும்

(தோட்ட மாதர் தலைவிகள் கூட்டத்தில் மாதர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்திருக்கும் விஷயத்தைக் கேட்டதும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள். சம்பளத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். லயத்துக் கூரையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அட்டைக் கடியையும் குளவிக் கொட்டையும் பற்றிப் பேசியிருக்கிறோம். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் மார்பைத் தாங்கி நிற்கும் துணியைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் நாம் வாய் திறந்ததில்லை. கடையில் அதைப் பிரா என்பார்கள், நாம் பாடி என்போம். அது சரியாக இல்லாததால் நம் தோட்டங்களில் எத்தனை தாய்மார் வலியோடு வேலை செய்கிறார்கள், எத்தனை பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் சீக்கிரமே நின்றுபோகிறது என்பது இங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பேறுகால லீவு சட்டப்படி 84 நாள். முன்பெல்லாம் இரண்டு பிள்ளைகள் இருக்கும் தாய்க்கு, மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள்தான் கிடைத்தது. 2018 ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்திய பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். பேறுக்கு முன்னால் இரண்டு வாரம் போக, பின்னால் பத்து வாரம். அதாவது பிள்ளைக்கு இரண்டரை மாதம் ஆகும்போது தாய் மறுபடி பிரட்டுக்களத்தில் வந்து நிற்க வேண்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், அதன் பிறகு வேறு சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்ம மருத்துவிச்சி அம்மாவும் கிளினிக்கில் அதைத்தான் சொல்கிறார். ஆகவே நம் தாய்மாரில் பெரும்பாலானோர் மார்பில் பால் நிறைந்திருக்கும் காலத்திலேயே மலையேறுகிறார்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூடைக் கயிறு தலையில். கூடையின் பாரம் முதுகில். அந்தப் பாரத்துக்கு ஈடுகொடுக்க உடம்பு முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இரண்டு கையும் காலையிலிருந்து மாலை வரை செடியின் மேல் நீண்டு போய் வந்துகொண்டே இருக்கும். சிறிய மார்புள்ள பெண்ணுக்கே இது கஷ்டம். பெரிய மார்புள்ள பெண், அதிலும் பால் கொடுக்கும் பெண் என்றால், சாயும்போதெல்லாம் மார்பின் பாரம் முழுவதும் தோளையும் கழுத்தையும் இழுக்கும். பாடியின் பட்டி தோளில் பள்ளம் விழும் அளவுக்கு வெட்டும். ஏற்கெனவே கூடைக் கயிறு இழுக்கும் கழுத்து அது. இரவில் படுத்தால் கை மரத்துப்போகிறது என்று சொல்லும் அக்காமார் நம் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள்.

இதற்கு நாம் செய்யும் வைத்தியம் என்ன? ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாடி போடுகிறோம். பட்டி அறுந்த இடத்தில் சேப்டி பின் குத்துகிறோம். பழைய சேலைத் துணியைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டுகிறோம். சிலர் எதுவுமே போடாமல், படங்கை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். நமக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி நாலாம் மாதமே பாலை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அக்கா, பால் வத்திப் போச்சு" என்றாள். பால் வற்றவில்லை. இறுக்கமான பாடி அழுத்திய இடத்தில் கட்டி கட்டியாக வீங்கி, பிள்ளை வாய் வைத்தாலே வலி. வலிக்குப் பயந்து கொடுக்காமல் விட்டாள். கொடுக்காமல் விட்டால் பால் குறையத்தான் செய்யும். அந்த வீட்டில் பெரியவர்கள், "இவ்வளவு பெரிசா இருந்தும் புள்ளைக்குப் பால் இல்லையே" என்று வேறு சொன்னார்கள். தோழிகளே, மார்பின் பருமனுக்கும் பாலின் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. பிள்ளை எத்தனை முறை குடிக்கிறதோ, எவ்வளவு குடிக்கிறதோ அதற்கேற்பத்தான் பால் சுரக்கும். பெரிய மார்பு உள்ளவளைக் கேலி செய்வதையும் இல்லாதவளைக் குறை சொல்வதையும் நாம் முதலில் நிறுத்த வேண்டும்.

இனி, கடைக்குப் போனால் ஏன் சரியானது கிடைப்பதில்லை என்று பார்ப்போம். பாடியில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 34பி, 36சி, இப்படி. எண் என்பது மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி வரும் பட்டையின் அளவு. எழுத்து என்பது கிண்ணத்தின் அளவு. நாம் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிப் பழகிவிட்டோம். கிண்ணம் போதவில்லை என்றால் கடைக்காரர் எண்ணைக் கூட்டிக் கூட்டித் தருவார். 36க்குப் பதில் 38, அதற்குப் பதில் 40, 42. எண் கூடும்போது கிண்ணமும் கொஞ்சம் பெரிதாகும், ஆகவே மார்பு உள்ளே போய்விடும். ஆனால் பட்டை விலாவில் நிற்காமல் லொடலொடவென்று முதுகில் மேலே ஏறிவிடும். மார்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டைதான். பட்டை தளர்ந்தால் பாரம் முழுவதும் தோள்பட்டிக்கு வந்துவிடுகிறது. தோளில் பள்ளம் விழுவது அதனால்தான்.

ஆகவே அளவெடுக்கக் கற்றுக்கொள்வோம். தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று போதும். மார்பு மிகவும் இறுகி வீங்கியிருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டாம். பிள்ளைக்குப் பால் கொடுத்த பிறகு, மெல்லிய சட்டையோடு நிமிர்ந்து நின்று எடுங்கள். முதலில் மார்புக்குக் கீழே, விலாவைச் சுற்றி, நாடாவைச் சற்று இறுக்கமாகப் பிடித்து அளக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் நாடா ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒற்றை எண் வந்தால் அடுத்த இரட்டை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 35 வந்தால் 36. இதுதான் பட்டை. பிறகு மார்பின் உயர்ந்த இடத்தைச் சுற்றி, இறுக்காமல் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலம் என்றால் கிண்ணம் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி, நான்கு என்றால் டி, ஐந்து என்றால் டிடி. அதற்கு மேல் கம்பனிக்குக் கம்பனி எழுத்து மாறும், போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம். கீழ் அளவு 36, மேல் அளவு 41 உள்ள ஓர் அக்கா. வித்தியாசம் ஐந்து. அவருக்கு வேண்டியது 36டிடி. கடையில் பி கிண்ணம் மட்டுமே இருந்தால் அவர் கையில் 42பி-ஐக் கொடுத்து அனுப்புவார்கள். கிண்ணம் ஏறக்குறைய அதே அளவுதான். பட்டையோ ஆறு அங்குலம் கூடுதல். அந்த அக்கா இத்தனை வருடம் தன் உடம்பில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார். சரியான அளவு கடையில் இல்லாவிட்டால் ஓர் எண் மட்டும் தள்ளிப் போகலாம். 36டிடி இல்லை என்றால் 38டி கேளுங்கள். அதற்கு மேல் தள்ளிப் போனால் பிரயோசனம் இல்லை. சில கடைகளில் கீழ் அளவோடு நாலு அங்குலம் கூட்டி எண் சொல்லும் பழைய வழக்கம் இருக்கிறது. பெரிய மார்புள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு சரிவராது.

போட்டுப் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்? பட்டைக்குள் இரண்டு விரல் போகலாம், கை முழுவதும் போகக் கூடாது. கையை மேலே தூக்கிப் பாருங்கள், கொழுந்து பறிப்பதுபோல முன்னால் நீட்டிச் சாய்ந்து பாருங்கள். பட்டை மேலே ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. கிண்ணத்துக்கு மேலேயோ கை இடுக்குப் பக்கமாகவோ மார்பு பிதுங்கினால் கிண்ணம் சிறியது. தோள்பட்டி அகலமாக இருக்க வேண்டும். துணி பருத்தியாக இருந்தால் நல்லது. உள்ளே கம்பி வைத்தது பால் கொடுக்கும் ஆரம்ப மாதங்களில் வேண்டாம், கம்பி அழுத்தும் இடத்தில் பால் தேங்கலாம். பால் கொடுப்பதற்கென்று தைத்த பாடியில் தோள்பட்டி அருகே கொக்கி இருக்கும். கழற்றினால் கிண்ணம் முழுவதும் கீழே இறங்கும். அது ஒரு கையால் கழற்றக் கூடியதா என்று பாருங்கள், மற்றக் கையில் பிள்ளை இருக்கும். நடுவில் சிறு ஓட்டை மட்டும் திறப்பது பெரிய மார்புக்கு ஆகாது, அந்த ஓட்டையின் ஓரமே மார்பை நெரிக்கும்.

எப்போது வாங்குவது? சீமந்தம் முடிந்த கையோடு நாலைந்து வாங்கிக் குவிக்க வேண்டாம். எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது மாதம் நடக்கும்போது ஒன்றோ இரண்டோ வாங்கினால் போதும். அப்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில் சரியாக இருக்க வேண்டும். பிள்ளை பிறந்தபின் விலா சுருங்கும், உள் கொக்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். பிறந்த இரண்டு மூன்று நாளில் பால் இறங்கும்போது மார்பு இன்னும் பெருக்கும். ஆகவே கிண்ணத்தில் கொஞ்சம் இடம் இருக்கட்டும். ஆறு வாரம் அளவில் மார்பு ஒரு நிலைக்கு வரும். மலைக்குத் திரும்புமுன் மறுபடி அளந்து, வேலைக்கென்று இரண்டு வாங்குங்கள். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.

விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும், அது உண்மை. கையில் காசு இல்லாதபோது செய்யக்கூடியதும் இருக்கிறது. கிண்ணம் சரியாக இருந்து பட்டை மட்டும் இறுக்கினால், பின்னால் மாட்டும் நீட்டுக் கொக்கிப் பட்டி தனியாகக் கிடைக்கும், விலை குறைவு. அளவான சாதாரண பருத்திப் பாடியின் தோள்பட்டியைக் கிண்ணத்தின் மேல் ஓரத்தில் வெட்டி, அங்கே கொக்கியும் வளையமும் வைத்துத் தைத்தால் அதுவே பால் கொடுக்கும் பாடி ஆகிவிடும். உள்ளே மெல்லிய நாடா ஒன்றைத் தோளிலிருந்து பட்டை வரை சேர்த்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொக்கியைக் கழற்றியதும் பட்டி முதுகுப் பக்கம் போய்விடும். லயத்தில் தையல் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது சின்ன வேலை.

அடுத்தது காய வைப்பது. இதைக் கேட்டு யாரும் தலை குனிய வேண்டாம். பாடியைக் கொடியில் போடும்போது மேலே ஒரு துவாயைப் போட்டு மூடுகிறோம். நம்ம மலையில் மூடாமல் போட்டதே காய்வதில்லை. மூடினால் எப்படிக் காயும்? மறுநாள் காலையில் ஈரத்தோடு எடுத்துப் போடுகிறோம், அல்லது அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுகிறோம். ஈரத்தில் தோல் வெந்து புண்ணாகிறது. அடுப்புச் சூட்டில் இலாஸ்டிக் நைந்து, வாங்கிய இரண்டே மாதத்தில் பட்டை தொய்கிறது. காற்றுப்படும் நிழலில் வெளிப்படையாகக் காய வையுங்கள். புருசன்மார் சறமும் பெனியனும் கொடியில் ஆடுவதை யாரும் வெட்கம் என்று சொல்வதில்லை. பால் கசிவதற்கு உள்ளே வைக்கும் துணியும் அப்படித்தான். பழைய பருத்திச் சேலைத் துணியைத் துவைத்து மடித்து வையுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள். கூடைக்குப் போகும்போது உலர்ந்த துணி இரண்டு மடியில் இருக்கட்டும்.

மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாகி, கட்டியாக வலித்தால், பால் தேங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள், போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். இறுக்கமான பாடியைக் கழற்றிவிட்டு ஈரத் துணியால் குளிர்ச்சியாக ஒற்றிக்கொள்ளுங்கள். காய்ச்சலும் குளிரும் வந்தால், அல்லது ஒரு நாளில் குறையவில்லை என்றால், உடனே டொக்டரிடம் போக வேண்டும். அது மார்பு அழற்சியாக இருக்கலாம், மருந்து தேவைப்படலாம். "பெயர் போயிடும்" என்று தள்ளிப் போட்டால் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டி வரும்.

பெயர் என்ற சொல் வந்துவிட்டது. ஆகவே உரிமையைப் பற்றியும் சொல்லிவிடுவோம். பேறுகாலச் சகாயச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு முறை பால் கொடுக்கும் இடைவேளை தர வேண்டும். பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பிள்ளை மடுவமோ அதற்கேற்ற இடமோ இல்லை என்றால் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டு நேரம் இதில் சேராது, அது வேறு. இது யாரும் இரக்கப்பட்டுத் தருவது இல்லை, சட்டம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மலையிலிருந்து பிள்ளை மடுவத்துக்கு இறங்கி ஏறவே நேரம் போகிறது. அங்கே போய்க் கூடையை இறக்கி, படங்கை அவிழ்த்து, சேப்டி பின்னைக் கழற்றி, நனைந்த இரண்டு பாடியையும் மேலே தள்ளி, பிள்ளையை எடுப்பதற்குள் அரை மணியில் பாதி போய்விடும். பிள்ளை அரை வயிறு குடிக்கும்போதே மலையில் கங்காணி கூப்பிடுகிறார் என்று ஓடி வருகிறோம். கிலோ குறைந்தால் அரைப் பெயர். அந்தப் பயத்தில் ஒரு நேரத்தை விட்டுவிடுகிறோம். விட்ட நேரம் மார்பில் கட்டுகிறது. ஒரு கையால் திறக்கும் பாடி இருந்தால் அந்த நிமிடங்கள் பிள்ளைக்குப் போகும். ஆகவே இடைவேளையைக் கேட்பதும் அளவான பாடியைத் தேடுவதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம். இடைவேளை மறுக்கப்பட்டால், கிலோவைக் காட்டி மிரட்டப்பட்டால், நாளையும் நேரத்தையும் குறித்து மாதர் தலைவியிடம் கொடுங்கள். எழுத்தில் இருந்தால்தான் காரியாலயம் நிர்வாகத்தோடு பேச முடியும்.

கடைசியாக ஒன்று. நம்ம வீட்டுப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் கட்டுநாயக்கவில் இருக்கிறார்கள்? அந்தச் சுதந்திர வர்த்தக வலயம் 1978 இல் தொடங்கியது. அங்கேயும் நாட்டின் மற்ற ஆடைத் தொழிற்சாலைகளிலும் தைத்த பாடிகள் கப்பலேறி வெளிநாட்டுப் பெரிய கடைகளில் விற்பனைக்குத் தொங்குகின்றன. மகள் அங்கே கிண்ணத்துக்கு இலாஸ்டிக் வைத்துத் தைக்கிறாள். இங்கே தாய் மலையில் சேப்டி பின் குத்தி நிற்கிறாள். இந்த நாட்டுக்குச் செய்யத் தெரியாத பொருள் இல்லை இது. நமக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே மாதர் பிரிவு மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறது.

ஒன்று. ஒவ்வொரு டிவிசனிலும் மாதர் தலைவியிடம் ஓர் அளவு நாடாவும் ஒரு கொப்பியும் இருக்க வேண்டும். மாதமாக இருக்கும் பெண்களுக்கும் பால் கொடுக்கும் பெண்களுக்கும் அளவெடுத்து எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் எண் மட்டும் போதும். அந்தக் கொப்பியை ஆண்கள் யாரும் புரட்டக் கூடாது.

இரண்டு. அளவுகளைச் சேர்த்துக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். ஒரேயொரு 38டிடி-க்காக ஹட்டன் கடைக்காரர் புறக்கோட்டைக்குப் போக மாட்டார். பத்துத் தோட்டத்தின் பட்டியலைக் கையில் கொடுத்தால் அவரே தேடிக் கொண்டுவருவார். விலையும் பேசலாம், தவணையும் கேட்கலாம்.

மூன்று. பிள்ளை மடுவத்தில் தாய்மார் மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு திரையும், முதுகு சாயும் ஒரு கதிரையும் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதுவோம். பெரிய செலவு இல்லை. பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் பாதியில் எழுந்து வரும் தாய்க்கு அந்தத் திரை பெரிய காரியம்.

தோட்டத் தலைவர்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கத்தி மொட்டையானால் தீட்டித் தா என்று கேட்கிறீர்கள், மருந்து அடிப்பவருக்குக் கையுறை கேட்கிறீர்கள். இதையும் அந்தப் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். பேச வெட்கமாக இருந்தால் நீங்கள் பேச வேண்டாம், மாதர் தலைவியை நிர்வாகத்தோடு நடக்கும் பேச்சுவார்த்தைக்குக் கூட்டிப் போங்கள். வீட்டிலே, சம்பள நாளில் கடைக்குப் போகும்போது மனைவியின் அளவை எழுதிய துண்டைச் சட்டைப் பையில் வையுங்கள். அவளுக்கு வாங்குவதைக் கடைசியாகத் தள்ளாதீர்கள்.

சகோதரிகளே, கூட்டம் முடிந்ததும் உள் அறையில் நாடாவோடு நாங்கள் இருப்போம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். வரிசையில் வாருங்கள், ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். முதலில் நாங்களே அளந்துகொள்கிறோம், கூச்சம் போய்விடும்.